போர்க்கால வானொலி ஒட்டுக்கேட்பு நிலையங்கள்: ஊர் நினைவுகளைத் திரட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப் போரின்போது எதிரிப் படைகளின் வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்த நிலையங்கள் இலங்கையிலும் இந்தியாவிலும் இயங்கின. அவற்றின் வேலிக்கு வெளியே வாழ்ந்தவர்களிடமும் அவர்களுடைய பிள்ளைகளிடமும் எஞ்சியிருக்கும் நினைவுகளைத் திரட்ட முனைவோருக்காக இதை எழுதுகிறேன். புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் ஆர்வக் குறைவால் தவறுவதில்லை. செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்வதால்தான் தவறுகிறார்கள். முதல் சந்திப்பில் கெட்டுப்போன நினைவை இரண்டாம் சந்திப்பில் சரிசெய்ய முடியாது என்பதால், கீழே உள்ள படிகளை அதே ஒழுங்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. எதைத் தேடுகிறீர்கள் என்பதை வரையறுங்கள்

ஒட்டுக்கேட்பு நிலையம் என்பது கேட்கும் இடம். அங்கிருந்து எதுவும் ஒலிபரப்பப்படுவதில்லை. ஹெட்போன் அணிந்தவர்கள் அலைவாங்கியின் (ரேடியோ ரிசீவர்) முன் அமர்ந்து, காதில் விழும் மோர்ஸ் குறிகளைப் பென்சிலால் தாளில் எழுதிக்கொண்டே இருப்பார்கள். எழுதப்பட்ட தாள்கள் குறிமுறையை ஆராய்பவர்களிடம் போகும். ஊரில் "ரேடியோ ஸ்டேஷன்", "வயர்லெஸ் கேம்ப்", "தந்தி ஆபீஸ்" என்று சொல்லப்படுபவற்றில் பல இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல.

குழப்பம் தரும் இடங்கள் மூன்று. ஒன்று, படையினருக்கான ஒலிபரப்பு நிலையங்கள். தென்கிழக்காசியக் கட்டளைப் பணியகத்தின் ரேடியோ சியாக் இலங்கையிலிருந்து ஒலிபரப்பியது; அதன் நினைவும் ஒட்டுக்கேட்பு நிலையத்தின் நினைவும் ஒரே பேச்சில் கலந்து வரும். இரண்டு, விமானங்களைக் கண்டறியும் ராடார் நிலையங்கள். மூன்றாவதுதான் தமிழர்களிடையே மிகுதி: போர்க்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வானொலியைக் கேட்ட குடும்பங்கள் ஏராளம். "அப்பா இரகசியமாக ரேடியோ கேட்பார்" என்ற வாக்கியம் இந்த நினைவைச் சேர்ந்தது. அதுவும் காக்கப்பட வேண்டியதே. ஆனால் தனிக் கோப்பில் வையுங்கள்.

2. உங்கள் ஊரில் நிலையம் இருந்ததா என்பதை முதலில் தாளில் உறுதி செய்யுங்கள்

முதியவர்களைத் தேடிப் போவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். நிலையமே இல்லாத ஊரில் நிலையத்தைப் பற்றிக் கேட்டால், வந்தவர் மனம் நோகக்கூடாது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்புவார்கள்.

உறுதியாக அறியப்பட்ட சில இடங்களைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் ஒட்டுக்கேட்பிலும் குறிமுறை உடைப்பிலும் ஈடுபட்டிருந்த பிரிட்டிஷ் தூரகிழக்கு ஒருங்கிணைந்த பணியகம், ஜப்பானியப் படை நெருங்கியதும் 1942 தொடக்கத்தில் கொழும்புக்கு வந்து, பெம்புரோக் கல்லூரி என்ற பள்ளிக் கட்டடத்தில் அமர்ந்தது. ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பைத் தாக்கிய பின் அதன் பெரும்பகுதி கென்யாவில் மொம்பாசாவை ஒட்டிய கிளிந்தினிக்குச் சென்று, அங்கும் ஒரு பள்ளிக் கட்டடத்திலேயே இயங்கியது. 1943 இல் கொழும்புக்குத் திரும்பியபோது ஆண்டர்சன் கோல்ஃப் திடலில் எச்.எம்.எஸ். ஆண்டர்சன் என்ற பெயரில் நிலைகொண்டது. இந்தியாவில் டெல்லியின் ஆனந்த் பர்பத்தில் ராம்ஜஸ் கல்லூரி வளாகத்தில் வயர்லெஸ் எக்ஸ்பெரிமென்டல் சென்டர் என்ற பெயரில் ஒட்டுக்கேட்பு மையம் இருந்தது; அதன் துணை நிலையங்கள் பெங்களூரிலும் கல்கத்தாவை அடுத்த பராக்பூரிலும் இயங்கின.

இந்தப் பட்டியலில் ஒரு வேலைக் குறிப்பு ஒளிந்திருக்கிறது. கொழும்பு, கிளிந்தினி, டெல்லி ஆகிய மூன்று இடங்களிலும் படையினர் பிடித்தது கல்விக்கூடங்களையே. ஆகவே, "1942 இல் எங்கள் பள்ளிக்கூடத்தை வேறிடத்துக்கு மாற்றினார்கள்" என்ற நினைவு உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த முதல் துப்பு. பள்ளிகளின் வருகைப் பதிவேடு, நூற்றாண்டு மலர், பழைய மாணவர் சங்கக் கடிதங்கள் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

இன்னொரு பிழையையும் இங்கேயே தவிர்த்துவிடலாம். எச்.எம்.எஸ். என்ற முன்னொட்டைக் கண்டதும் பலர் அது கப்பல் என்று எண்ணித் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்களைத் தேடிப் போகிறார்கள். பிரிட்டிஷ் கடற்படை தன் கரைத்தளங்களுக்கும் கப்பல்களைப் போலவே பெயரிட்டது. ஆண்டர்சன் ஒருநாளும் மிதந்ததில்லை.

3. காலத்தாள் ஒன்றைத் தயாரியுங்கள்

முதியவர்கள் ஆங்கில ஆண்டைச் சொல்லி நினைவுகூர்வது அரிது. வேறொரு நிகழ்ச்சியோடு சேர்த்தே சொல்வார்கள். அந்த நிகழ்ச்சிகளை நாள்வரிசையில் ஒரே தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலின்போது தேடிக்கொண்டிருந்தால் பேச்சு அறுந்துவிடும்.

கொழும்பின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியது 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. திருகோணமலை தாக்கப்பட்டது ஏப்ரல் 9. இடையில் ஏப்ரல் 6 இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன; அந்த மாதமே சென்னையில் இருந்து மக்கள் பெருந்திரளாக ஊர்களுக்குக் கிளம்பினார்கள். சென்னையில் குண்டு விழுந்தது 1943 அக்டோபரில். தென்கிழக்காசியக் கட்டளைப் பணியகத்தின் தலைவர் மவுண்ட்பேட்டனின் தலைமையகம் கண்டிக்கு வந்தது 1944 ஏப்ரலில்.

இவற்றுக்கு எதிரே தமிழ் ஆண்டுப் பெயர்களையும் எழுதுங்கள். 1942 சித்திரையில் பிறந்தது சித்திரபானு, 1943 சுபானு, 1944 தாரண, 1945 பார்த்திப. கொழும்புத் தாக்குதல் சித்திரைக்கு முன் நடந்ததால் அது விசு ஆண்டின் பங்குனியில் விழுகிறது. வீட்டில் பழைய சாதகக் குறிப்பு இருந்தால் சொல்பவரின் வயதை இதைக்கொண்டு சரியாகக் கணக்கிடலாம். பத்து வயதுச் சிறுவன் பார்த்ததும் நான்கு வயதுக் குழந்தை பிறர் சொல்லக் கேட்டதும் ஒரே தரமான சாட்சிகள் அல்ல என்பதால் இந்தக் கணக்கு அவசியம்.

4. இடத்தை நடந்து பாருங்கள்

பேச்சுக்கு முன் நடை. இடத்தைக் கண்ணால் பார்க்காதவருக்கு, "பாலத்துக்கு இந்தப் பக்கம், பனைக்கு அந்தப் பக்கம்" என்று சொல்லப்படும் எதுவும் விளங்காது.

கேட்கும் நிலையத்தின் தடயங்கள் ஒலிபரப்பு நிலையத்தின் தடயங்களைப் போல இருப்பதில்லை. வானளாவிய ஒற்றைக் கோபுரம் பெரும்பாலும் ஒலிபரப்புக்குரியது. கேட்பதற்கு, திறந்த வெளியில் கம்பங்களை நட்டு அவற்றுக்கிடையே நீளமாக ஏரியல் கம்பிகளை இழுத்துக் கட்டினார்கள். எனவே கோபுரத்தின் அடித்தளத்தைத் தேடுவதை விட, கம்பம் தாங்கிய கற்காரைக் கட்டைகளையும் இழுகம்பிக்கான இரும்பு வளையங்களையும் தேடுவது பயன் தரும்.

திசை காணும் குடில் தனி வகை. மைதானத்தின் நடுவில் சிறு குடில், அதைச் சுற்றிச் சம தூரத்தில் நான்கு செங்குத்துக் கம்பங்கள் என்பது அதன் வழக்கமான அமைப்பு. உலோகமும் மின்கம்பியும் அருகில் இருந்தால் அலை வரும் திசை பிசகிக் காட்டும் என்பதால் அதை மற்றக் கட்டடங்களிலிருந்து தள்ளி அமைத்தார்கள். "வெட்டவெளியில் தன்னந்தனியாக ஒரு குடில், அதற்குள் ஒரே ஒரு ஆள்" என்று யாராவது சொன்னால் அந்தச் சொற்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நிலம் இன்றும் படையினரின் கையில் இருந்தால், அனுமதி பெறாமல் படம் எடுக்காதீர்கள், வேலியோரம் நின்று அளக்காதீர்கள். உங்களுக்கு மட்டுமல்ல, உங்களோடு நின்று கை காட்டிய முதியவருக்கும் அதனால் தொல்லை வரும்.

5. யாரை முதலில் பார்ப்பது

1942 இல் பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்திருப்பார். ஆகவே வயதில் மூத்தவரையே முதலில் பாருங்கள். ஆவணக் காப்பகம் அடுத்த மாதமும் திறந்திருக்கும்.

உள்ளே வேலை செய்தவர்களைத் தேடுவதிலேயே காலத்தைக் கழிப்பது பெரும்பாலானோர் செய்யும் தவறு. அவர்கள் அரச இரகசியச் சட்டத்தின் கீழ்க் கையொப்பமிட்டவர்கள். பிரிட்டனின் குறிமுறை உடைப்பு வேலை 1974 வரை வெளியுலகுக்குப் பெரும்பாலும் தெரியாமலே இருந்ததால், பலர் தங்கள் துணைவரிடம் கூடச் சொல்லாமல் மறைந்துவிட்டார்கள். உங்கள் ஊரில் எஞ்சியிருப்பது வேலிக்கு வெளியே இருந்த நினைவு: பால் கொடுத்தவர், துணி வெளுத்தவர், லொறி ஓட்டியவர், புல் வெட்டியவர், சமையலறைக்குக் காய்கறி சுமந்தவர், எதிரே தேநீர்க் கடை வைத்திருந்தவர், அவ்வழியே பள்ளிக்கு நடந்தவர். இவர்களையும் இவர்களுடைய பிள்ளைகளையும் தேடுங்கள்.

6. கேள்விகளை வெளியிலிருந்து உள்ளே கொண்டு செல்லுங்கள்

இந்த வேலை முழுவதிலும் அதிகம் கெட்டுப்போகும் இடம் இதுதான்.

புதியவர் அமர்ந்தவுடன், "ஐயா, அங்கே ஜப்பான்காரருடைய இரகசியச் செய்திகளைப் பிடித்தார்களாமே, உங்களுக்குத் தெரியுமா?" என்று தொடங்குகிறார். பெரியவர் மரியாதைக்காக ஆம் என்கிறார். அந்தக் கணத்திலிருந்து அவர் பார்த்ததெல்லாம் நீங்கள் சொன்ன கதையின் நிறத்தைப் பூசிக்கொள்கிறது. வேலியோரம் கண்ட காவலாளி இரகசியத்தின் காவலாளியாகிறான். சாதாரணப் பெட்டி மர்மப் பெட்டியாகிறது. பிறகு எதை அவர் கண்டார், எதை நீங்கள் கொடுத்தீர்கள் என்று பிரிக்கவே முடியாது.

அதனால் வீட்டிலிருந்து தொடங்குங்கள்: அப்போது எங்கே குடியிருந்தீர்கள், வீட்டில் யார் யார், பள்ளிக்கு எந்த வழியாகப் போனீர்கள். அடுத்து வேலி: கம்பியா, மூங்கிலா, எவ்வளவு உயரம், வாசல் எந்தப் பக்கம். பின்பு ஆட்கள்: யார் எப்போது வந்தார்கள், என்ன உடை, நடந்தா வண்டியிலா. அதன் பின் ஒலியும் ஒளியும்: இரவில் விளக்குத் தெரிந்ததா, மின்பிறப்பாக்கியின் இரைச்சல் கேட்டதா. பிறகு பொருள்கள்: என்ன உள்ளே போனது, என்ன வெளியே வந்தது. சண்டை முடிந்ததும் அந்த இடம் என்னவாயிற்று என்பது அடுத்தது. "உள்ளே என்ன நடக்கிறது என்று அப்போது ஊரில் பேசிக்கொண்டார்கள்?" என்பதைக் கடைசியாக மட்டும் கேளுங்கள், அதைத் தொடர்ந்து, "அது ஒட்டுக்கேட்கும் இடம் என்று நீங்கள் முதன்முதலில் எப்போது, யாரிடமிருந்து அறிந்தீர்கள்?" என்று கேட்க மறவாதீர்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கான விடை, முன்பு சொன்னவற்றின் மதிப்பை அளக்கும் அளவுகோல்.

கொழும்பில் நான் சந்தித்த மூதாட்டி ஒருவர், அமர்ந்ததும், "அங்க என்ன நடந்தது எண்டு எங்களுக்கு ஒண்டும் தெரியாது, பிள்ளை" என்று சொல்லிவிட்டார். அதை ஏற்றுக்கொண்டு, வாசலில் என்ன பார்த்தீர்கள் அம்மா என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார். நாளுக்கு மூன்று முறை ஒரு லொறி வெள்ளைக்காரப் பெண்களை இறக்கிவிட்டு வேறு பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். முகப்பு விளக்குகளில் கறுப்பு மை பூசி நடுவில் ஒரு கீற்று மட்டும் விட்டிருப்பார்கள். வெளியே வரும் பெண்கள் இரண்டு உள்ளங்கைகளாலும் காதைத் தேய்த்துக்கொண்டே ஏறுவார்கள். "காதுக்குத்தா இருக்கும் எண்டு நாங்கள் நினைச்சம்" என்றார், காதுவலியைச் சொல்லி. மணிக்கணக்கில் ஹெட்போன் அழுத்திய காதுகள் அவை. ஷிஃப்ட் முறையும் வேலையின் தன்மையும், அவர் அறியாமலே, அந்த ஒரு சைகையில் இருந்தன.

சொற்களிலும் கவனம் வேண்டும். இலங்கையில் "யுத்த காலம்" என்று கேட்டால், கேட்பவருக்கு 2009 இல் முடிந்த யுத்தமே நினைவுக்கு வரும். அந்தப் பின்னணியில் இராணுவம், ஒட்டுக்கேட்பு என்ற சொற்கள் அச்சத்தையும் துயரத்தையும் கிளறக்கூடும். "ஜப்பான்காரன் குண்டு போட்ட காலம்" என்று தொடங்குவது தெளிவு, கருணையும் கூட. அதேபோல் "அலைவாங்கி", "சமிக்ஞை" போன்ற ஏட்டுச் சொற்களை விட்டுவிட்டு, அவர் வயர்லெஸ் என்றால் வயர்லெஸ், கம்பியில்லாத் தந்தி என்றால் கம்பியில்லாத் தந்தி என்று அவருடைய சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்.

7. பொருள்களையும் படங்களையும் பேச்சு முடிந்த பின் காட்டுங்கள்

முதலிலேயே படத்தைக் காட்டினால், அந்தப் படமே நினைவாகிவிடும். பேச்சு முடிந்த பின் காட்டினால், அது நினைவைச் சோதிக்கும் கருவியாகும். காட்டும்போது ஒரே படத்தை நீட்டாமல், வேறுவேறு வகையான ஐந்தாறு படங்களைச் சேர்த்து வையுங்கள்.

நேச நாடுகளின் ஒட்டுக்கேட்பு நிலையங்களில் பரவலாகப் பயன்பட்ட எச்.ஆர்.ஓ. என்ற அமெரிக்க அலைவாங்கியின் அடையாளங்களை அறிந்திருப்பது நல்லது. அலைவரிசையின் பகுதியை மாற்ற வேண்டுமானால், அதன் முகப்பின் அடியில் உள்ள சுருள் பெட்டியை மேசை இழுப்பறை போல வெளியே இழுத்துவிட்டு வேறொன்றைச் செருக வேண்டும். நடுவில் பெரிய வட்டத் திருகு. அதன் சிறு சாளரங்களில் 0 முதல் 500 வரை எண்கள் மாறி மாறித் தெரியும். "ரேடியோவுக்கு இழுப்பறை இருந்தது" என்று துப்புரவுப் பணியாளரின் மகன் ஒருவர் தானாகச் சொன்னால், அது படத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய செய்தி அல்ல.

மாறாக, "வெளியில் நின்றால் டிக் டிக் என்று தந்திச் சத்தம் கேட்கும்" என்ற கூற்றை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்போனில் கேட்பவரின் அறையிலிருந்து மோர்ஸ் ஒலி வெளியே வராது. அவர் கேட்டது அச்சுப்பொறியாகவோ அயலில் இருந்த தந்தி அலுவலகமாகவோ இருக்கலாம். அவரிடம் மறுத்துப் பேசாதீர்கள்; குறிப்பில் மட்டும் எழுதுங்கள்.

8. ஒலிப்பதிவு

கருவியில் இந்த அமைப்பை வையுங்கள்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 520 எம்.பி. ஆகும். மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். முதியவரின் தணிந்த குரலை அது விழுங்கிவிடும். அன்று இரவே வேறொரு வட்டில் இரண்டாம் படியை எடுத்துவிடுங்கள்.

9. எழுத்தாக்கும்போது மூன்று அடுக்குகளைப் பிரியுங்கள்

ஒவ்வொரு கூற்றின் ஓரத்திலும் "க", "கே", "பி" என்ற குறிகளில் ஒன்றை இடுகிறேன். கண்ணால் கண்டது "க". அக்காலத்திலேயே வீட்டாரிடமோ அயலாரிடமோ கேட்டது "கே". பிற்காலத்தில் செய்தித்தாள், தொலைக்காட்சி, பேரப்பிள்ளைகள் வழியாக வந்தது "பி". ஒரே வாக்கியத்தில் மூன்றும் கலந்திருக்கும். "அப்பா லொறியில் ஐஸ் கொண்டு போவார், கமாண்டர்தான் கையெழுத்துப் போடுவார், அங்கேதான் ஜப்பானுடைய இரகசியக் குறிகளை உடைத்தார்கள்" என்பதில் முதற்பகுதி க, நடுப்பகுதி கே, கடைப்பகுதி பி. பிரிக்காமல் முழு வாக்கியத்தையும் மேற்கோளாக அச்சிட்டால், பின்னால் வருபவர்கள் அனைத்தையும் கண்கண்ட சாட்சியம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பேச்சு வழக்கைத் திருத்தாதீர்கள். "எண்டு" என்பதை "என்று" ஆக்கினால், அவர் எந்த ஊர்ப் பேச்சில் வளர்ந்தவர் என்ற செய்தி அழிந்துவிடும்.

10. ஆவணத்தோடு ஒப்பிடுங்கள்

தூரகிழக்குப் பணியகத்தின் கோப்புகள் லண்டனை அடுத்த கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் எச்.டபிள்யூ. 4 என்ற வரிசையில் இருக்கின்றன. நிலக் கையகப்படுத்தல், வாடகை, இழப்பீடு பற்றிய தாள்களைக் கொழும்பு, சென்னை, டெல்லி காப்பகங்களில் தேடுங்கள். உள்ளூர் நினைவோடு நேரடியாகப் பொருந்துபவை பெரும்பாலும் இந்த நிலத் தாள்களே. இரகசியக் கோப்புகளில் பால்காரரைப் பற்றி ஒரு வரியும் இராது.

நேரக் கணக்கில் பலர் வழுக்கி விழுகிறார்கள். நிலையங்களின் பணிப் பதிவுகள் பொதுவாகக் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். இலங்கையோ 1942 ஜனவரியில் கடிகாரத்தை அரை மணியும், செப்டம்பரில் மேலும் அரை மணியும் முன்னே தள்ளி, 1945 அக்டோபர் வரை அப்படியே வைத்திருந்தது. இந்தியாவிலும் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை ஒரு மணி முன்னே ஓடியது. எனவே பதிவில் 0130 என்றிருந்தால், கொழும்பில் அது 1942 ஏப்ரலில் காலை 7.30, 1944 இல் காலை 8.00. இன்றைய கணக்குப்படி 7.00 என்று எழுதினால் இரண்டு காலத்துக்குமே பிழை. இதை அறியாமல், "பாட்டி நேரத்தை மறந்துவிட்டார்" என்று குறிப்பெழுதியவர்களைக் கண்டிருக்கிறேன். பாட்டி சரியாகவே சொல்லியிருந்தார்.

ஆவணமும் நினைவும் மோதினால் எதையும் உடனே வெட்டாதீர்கள். "ஒட்டுக்கேட்டுச் சொன்னதால் கொழும்பு முன்கூட்டியே அறிந்திருந்தது" என்று ஊரில் சொல்வார்கள். தாக்குதல் வரப்போகிறது என்பதை ஒட்டுக்கேட்பு மார்ச் மாத இறுதியில் உணர்த்தியது உண்மை. ஆனால் எதிர்பார்க்கப்பட்ட நாள் ஏப்ரல் 1 ஐ ஒட்டியது. அன்று எதுவும் நடக்காததால் பிரிட்டிஷ் கப்பற்படை எரிபொருளும் நீரும் நிரப்ப மாலைதீவின் அட்டு பவளத் தீவுக்குச் சென்றது. நெருங்கிவந்த ஜப்பானியக் கப்பல்களை ஏப்ரல் 4 இல் கண்டது கட்டலினா ரோந்து விமானம். இரண்டையும் அருகருகே எழுதுங்கள். ஊர்ப்பேச்சு எப்படி உருவானது என்பதும் நீங்கள் திரட்ட வந்த செய்தியின் பகுதியே.

11. ஒப்புதலும் திருப்பிக் கொடுத்தலும்

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் அச்சிட்டு, பேச்சுக்கு முன் வாசித்துக் காட்டுங்கள். பேச்சு முடிந்த பின் மறுபடியும் கேளுங்கள். என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாமல் கொடுத்த ஒப்புதல் அரை ஒப்புதல். பெயரைப் போடலாமா, மறைக்கலாமா, பிள்ளைகள் கேட்கலாமா, இணையத்தில் இடலாமா என்பவற்றைத் தனித்தனியே குறியுங்கள்.

எழுத்தாக்கிய படியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, வரிகளுக்கிடையே நிறைய இடம் விட்டு, ஒரு பென்சிலோடு அவரிடமே கொண்டு போய்க் கொடுங்கள். அஞ்சலில் அனுப்பினால் அது அலமாரிக்குப் போய்விடும். பக்கத்தில் அமர்ந்து மெதுவாக வாசித்துக் காட்டினால், "இல்லை, அந்த லொறி பச்சை இல்லை, சாம்பல் நிறம்" என்று திருத்துவார்; அந்தத் திருத்தத்தோடு, முன்பு சொல்லாத வேறொன்றும் வரும். ஒலிப்பதிவுக் கருவியை அன்றும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.